'பட்' என்றால் 'ஆனால்' மட்டும்தானா?

'பட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ஆனால்' என்றுதான் பள்ளியில் படித்தோம், 'ஆல் பட் ஒன்', 'ஹி இஸ் பட் எ சைல்ட்' போன்ற தொடர்களில் அந்தப் பொருள் ஏன் பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் கல்லூரி நாட்களில் இதே ஐயம் இருந்தது. ஓர் ஆங்கில நாளிதழில் ஆட்டம் 'ஆல் பட் ஓவர்' என்று எழுதியிருந்ததை, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று அழுத்திச் சொல்வதாகவே புரிந்துகொண்டேன். ஏறத்தாழ முடிந்தேவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

இச்சொல்லின் பழம்பொருள் 'ஆனால்' அன்று, 'வெளியே' என்பதே. இன்றைய 'பை', 'அவுட்' ஆகிய சொற்களின் மூதாதையர் இணைந்து பிறந்த சொல் இது. ஸ்காட்லாந்தில் இரண்டே அறைகள் கொண்ட பழைய குடிலைப் 'பட் அண்ட் பென்' என்பார்கள். வெளி அறை 'பட்', உள் அறை 'பென்'. அங்கே அது பெயர்ச்சொல்லாக நின்று தன் முதற்பொருளை இன்றும் காத்துவருகிறது.

ஒன்றை வெளியே நிறுத்துவது என்பதிலிருந்து 'தவிர' என்ற பொருள் வருவது இயல்பு. 'ஆல் பட் ஒன்' என்பது 'ஒன்றைத் தவிர எல்லாம்'. இங்கே 'பட்' முன்னிடைச்சொல், அதாவது பெயருக்கு முன்னால் நிற்கும் 'பிரெபொசிஷன்'. 'ஆல் பட் ஓவர்' என்பதும் இதன் வழியே வந்ததுதான்: முடிவு என்ற ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் நடந்துவிட்டன. 'தவிர' எப்படி 'ஆனால்' ஆயிற்று என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. 'அவனைத் தவிர யாரும் வரவில்லை' என்று சொல்லும் நாம், 'அவன் பேசினானே தவிர எதையும் செய்யவில்லை' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் விலக்கைக் குறித்த அதே சொல், இரண்டாவதில் இரு செய்திகளை எதிரெதிராக நிறுத்தி இணைக்கிறது. 'ஒழிய' என்ற சொல்லும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. முன்னிடைச்சொல்லாக இருந்த 'பட்' இணைப்புச்சொல்லாக மாறிய பாதையை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பள்ளியில் இதை முதலில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

இரண்டு வகைக்கும் நடுவில் அது நிற்பதால் ஒரு பழைய வழக்கும் தீராமல் இருக்கிறது. 'நோபடி பட் மீ' என்பதா, 'நோபடி பட் ஐ' என்பதா? முன்னிடைச்சொல் என்று கொள்வோர் முன்னதையும், இணைப்புச்சொல் என்று கொள்வோர் பின்னதையும் சரி என்பார்கள். இன்றைய பேச்சில் முன்னதே இயல்பாக ஒலிக்கிறது.

'ஹி இஸ் பட் எ சைல்ட்' என்பதில் அது வினையடை. 'அவன் வெறும் குழந்தைதான்' என்று பொருள். முற்கால ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியத்தில் 'இல்லை' என்னும் எதிர்மறைச் சொல்லும் இருந்தது: 'குழந்தை என்பதைத் தவிர அவன் வேறெதுவும் இல்லை.' காலப்போக்கில் எதிர்மறை உதிர்ந்துபோக, அதன் பொருளையும் 'பட்' தானே சுமக்கத் தொடங்கியது.

மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இணை ஒன்று உண்டு. ஒருவரை 'நத்திங் பட் எ லயர்' என்றால் அவர் பொய்யரே தவிர வேறில்லை. 'எனிதிங் பட் எ லயர்' என்றால் அவர் வேறு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் பொய்யர் அல்லவே அல்லர். 'தவிர' என்று வைத்துப் படித்தால் இரண்டும் தாமாகவே விளங்கும். 'கேனாட் பட் அட்மைர்' என்பதும் அப்படியே: வியப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதாவது வியக்காமல் இருக்க முடியாது.

வினைச்சொல்லாக வருவது மிக அரிது. 'பட் மீ நோ பட்ஸ்' என்ற பழைய தொடரில் முதல் 'பட்' வினை, கடைசியில் பன்மையாக வருவது பெயர். 'என்னிடம் ஆனால் கீனால் என்று இழுக்காதே' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.