முச்சக்கரவண்டியை அழைக்கும் செயலி, யாழ்ப்பாணத்தில் நான் நிற்கும் இடத்தை எப்படி அறிகிறது?

பலர் நினைப்பதுபோல செய்மதி நம்மைக் கண்காணிப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளில் குறைந்தது நான்கிலிருந்து வரும் நேரக்குறிப்புகளைக் கைப்பேசியே ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் தூரத்தையும் அளந்து, தான் இருக்கும் புள்ளியைக் கணிக்கிறது. நல்லூர்க் கோயில் முன்றல் போன்ற திறந்த வெளியில் இக்கணிப்பு சில மீற்றர் வரை துல்லியமாக இருக்கும். கஸ்தூரியார் வீதிக் கடையொன்றின் உள்ளே நின்றாலோ சமிக்ஞை நலிந்துவிடுவதால், அருகிலுள்ள வைஃபை, தொலைபேசிக் கோபுரங்களை வைத்தே இடம் ஊகிக்கப்படுகிறது. வரைபடத்தில் நீங்கள் அடுத்த ஒழுங்கையில் நிற்பதாகக் காட்டுவது பெரும்பாலும் இதனால்தான்; வாசலுக்கு வந்து அழைப்பது நல்லது. செயலி அந்தப் புள்ளியை இணையவழி தன் சேவையகத்துக்கு அனுப்ப, அது அண்மையிலுள்ள சாரதிகளுக்கு அழைப்பைத் தெரிவிக்கிறது. வானிலைச் செயலிக்கு இத்தனை துல்லியம் தேவையே இல்லை. ஆண்ட்ராய்ட் 12 முதல், அதற்கு அண்ணளவான இடத்தை மட்டும் அனுமதிக்கலாம்.