வாசகர் கேள்விகள்: உளவுத்துறைக்குப் போக நினைக்கிற பிள்ளை

கேள்வி: என் மகன் பாளையங்கோட்டையில் டிகிரி கடைசி வருடம் படிக்கிறான். ஐ.பி.யில், அதாவது மத்திய உளவுத்துறையில், சேர்ந்து டைரக்டர் ஆகப்போகிறேன் என்கிறான். அவன் அப்பா சிரிக்கிறார். இது நடக்கிற காரியமா?
– ஒரு தாய், வள்ளியூர்

பதில்: சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. டிகிரி முடித்தவர்களுக்கு ஐ.பி.யின் ஏ.சி.ஐ.ஓ. (உதவி உளவு அதிகாரி) தேர்வு இருக்கிறது. 18 முதல் 27 வயதுக்குள் எழுதலாம், அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும், அதற்கு மேல் 20 சதவீதம் பாதுகாப்புப் படி. ஆனால் டைரக்டர் நாற்காலிதான் குறி என்றால் யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆகி, ஏதாவது ஒரு மாநிலத்தில் சில வருடம் காக்கி போட்டு, அப்புறம் ஐ.பி.க்குப் போய் அங்கேயே ஊறிப்போக வேண்டும். அஜித் தோவல் 1968இல் கேரளப் பிரிவு ஐ.பி.எஸ்., டைரக்டர் ஆனது 2004இல். 36 வருடம்.

துப்பாக்கியோடு ஓடுகிற வேலை என்று தம்பி நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஐ.பி.க்கு யாரையும் கைது செய்கிற அதிகாரமே கிடையாது. கேட்பது, சரிபார்ப்பது, எழுதி அனுப்புவது, அவ்வளவுதான்.

அந்த வேலையை மாநில போலீஸில் தனிப்பிரிவு ஏட்டு செய்வார். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் கோயில் கொடைக்குப் பத்து நாள் முன்னால் ஒருவர் வேட்டி சட்டையில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருவார். "அண்ணாச்சி, இந்த வருசம் வில்லுப்பாட்டு யாரு?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஒரு வருடம் கீழத்தெரு ஆட்கள் நாலு நாளாக டீ குடிக்கவே வரவில்லை என்பதை அவர்தான் கவனித்தார். சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. பாக்கெட் நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு போனார். மறுநாளே தாசில்தார் இரண்டு தெருவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கொடை நல்லபடியாக முடிந்தது, வெட்டுக்குத்து இல்லை. அந்த ஏட்டையா பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. உங்கள் மகன் கற்க வேண்டியது முதலில் அந்த வராத ஆட்களைக் கவனிக்கிற கண்ணைத்தான்.

கேள்வி: ஐ.பி.க்குத் தமிழர் யாராவது தலைமை வகித்திருக்கிறார்களா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சுதந்திர இந்தியாவின் முதல் டைரக்டரே டி.ஜி. சஞ்சீவி பிள்ளைதான். சென்னை மாகாண போலீஸிலிருந்து போனவர், 1947 முதல் 1950 வரை இருந்தார். பிரிவினைக் கலவரத்தில் நாடு எரிந்துகொண்டிருந்தபோது, டில்லி போலீஸ் தலைமையையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தின்போது குண்டு வெடித்தது. பிடிபட்ட மதன்லால் பாவா, தன்னோடு வந்தவர்களில் பூனாவிலிருந்து வரும் ஒரு பத்திரிகையின் ஆசிரியரும் உண்டு என்று சொல்லிவிட்டான். பூனாவில் அந்தப் பத்திரிகைக்கு யார் ஆசிரியர் என்று விசாரித்திருந்தால் பெயர் கையில் கிடைத்திருக்கும். பத்து நாள் இருந்தது. டில்லிக்கும் பம்பாய்க்கும் நடுவில் அந்தத் துப்பு இழுபட்டுக்கொண்டே கிடக்க, ஜனவரி 30 அன்று அந்த ஆசிரியர் நாதுராம் கோட்சே திரும்பி வந்து சுட்டுவிட்டான். பின்னாளில் கபூர் கமிஷன் இதையெல்லாம் தோண்டி 1969இல் அறிக்கை கொடுத்தது. சஞ்சீவி பிள்ளை மீதும் குறை சொன்னது. நான் அவரைத் திறமையில்லாதவர் என்று சொல்லமாட்டேன், புதிதாகப் பிறந்த நாட்டின் உளவுத்துறையை நிமிர்த்தியவர்களில் அவர் முதல் ஆள். ஆனாலும் எங்கள் ஊர் ஏட்டையாவின் இரண்டு வரி மறுநாளே தாசில்தார் மேஜைக்குப் போனதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பத்து நாள் எனக்கு வலிக்கிறது.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகாவது இவர்கள் வாயைத் திறந்து எழுதலாமே?
– வாசகர், தென்காசி

பதில்: முடியாது. 2021இல் பென்ஷன் விதியைத் திருத்திவிட்டார்கள். துறைத் தலைவரின் முன் அனுமதி இல்லாமல் துறை விஷயத்தை எழுதினால் பென்ஷனை நிறுத்திவைக்கலாம். ரகசியம் காக்க வேண்டியதுதான், ஆனால் முப்பது நாற்பது வருடம் ஆன விஷயத்தையாவது திறந்துவிட வேண்டும். அந்தப் பத்து நாளில் நடந்ததை நாம் இவ்வளவு விவரமாகப் படிக்க முடிந்ததே கபூர் கமிஷன் உட்கார்ந்ததால்தான்.