ராக் இசை வரலாற்றில் ஒரே ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள், ஏன்?

செப்டம்பர் 24. குறிப்பாக 1991-ம் வருடத்து செப்டம்பர் 24. அன்றைக்கு அமெரிக்கக் கடைகளில் இரண்டு ராக் குழுக்களின் ஆல்பங்கள், நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'ப்ளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்' இரண்டும் ஒன்றாக வந்து இறங்கின. போதாததற்கு, ராக் கணக்கில் வராவிட்டாலும் அந்த வருடத்தின் ஆகச்சிறந்த ராப் ஆல்பம் இதுதான் என்று நான் சண்டைக்கே வரத் தயாராக இருக்கும் 'தி லோ எண்ட் தியரி'யும் அதே நாள்தான். எ டிரைப் கால்டு க்வெஸ்ட் என்ற ராப் குழு போட்டது. அதில் ஒரு பாட்டுக்கு பேஸ் வாசித்தவர் அறுபதுகளில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டர்.

இதைச் சொன்னதும் ஏதோ கிரகங்களெல்லாம் ஒரே கட்டத்தில் சேர்ந்துவிட்ட மாதிரி சிலர் பேசுவார்கள். அப்படியொன்றும் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். அப்போது அமெரிக்காவில் புது ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும், பிரிட்டனில் திங்கட்கிழமை. (பிரிட்டிஷ் குழு பிரைமல் ஸ்க்ரீமின் 'ஸ்க்ரீமடெலிகா' ஒரு நாள் முந்தி, 23-ம் தேதி வந்தது அதனால்தான்.) கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்துக் கம்பெனிகள் கையிலுள்ள நல்ல சரக்கையெல்லாம் செப்டம்பர், அக்டோபரில்தான் இறக்குவார்கள், ஆக விரல்விட்டு எண்ணக்கூடிய சில செவ்வாய்க்கிழமைகளுக்குள் எல்லாரும் முட்டி மோத வேண்டியதுதான். முந்தைய செவ்வாய் 17-ம் தேதி கன்ஸ் அண்ட் ரோஸஸ் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டு பாகங்களையும் ஒரே நாளில் விட்டார்கள், ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. 2015 ஜூலையில் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று மாற்றிவிட்டதால் இனி வரப்போகிற 'வரலாற்று நாட்கள்' எல்லாம் வெள்ளியாகத்தான் இருக்கும்.

இந்தத் தேதியில் எனக்குப் பிடித்ததே, அன்றைக்கு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான். 'நெவர்மைண்ட்' அமெரிக்காவில் முதலில் அனுப்பப்பட்டதே சுமார் 46 ஆயிரம் பிரதிகள். அதே கம்பெனியின் இன்னொரு ராக் குழுவான சோனிக் யூத் விற்ற அளவுக்கு, அதாவது இரண்டரை லட்சம் போனாலே போதும் என்பது கம்பெனியின் கணக்கு. அமெரிக்க விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் அது முதலில் நுழைந்தது 144-வது இடத்தில். 1992 ஜனவரி 11-ல் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது. ஆல்பம் வந்து மூன்றரை மாதம் கழித்து!

இதில் பலர் பேசாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. 1991 மே மாதத்துக்கு முன்னால் இந்தப் பட்டியல் எப்படித் தயாரானது தெரியுமா? கடைக்காரர்களிடம் 'என்ன நன்றாகப் போகிறது' என்று கேட்டு, அவர்கள் சொன்னதை வைத்துத்தான். மே கடைசியிலிருந்துதான் சவுண்ட்ஸ்கேன் என்ற புது முறை வந்தது, கல்லாவில் பார்கோடு ஸ்கேன் ஆவதே கணக்கு. உண்மையில் யார் எதை வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது: கன்ட்ரி இசைப் பாடகர் கார்த் ப்ரூக்ஸ் அதே செப்டம்பரில் நேராக முதலிடத்தில் நுழைந்தார், ராப் ஆல்பங்கள் மேலே ஏறின. பழைய முறையே இருந்திருந்தால் நிர்வாணா இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு வருவோம். 1991 மே, ஜூனில் கலிபோர்னியாவின் வான் நைஸில் உள்ள சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் புட்ச் விக் தயாரித்தது. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபைனுக்கு ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவது பிடிக்காது, அது ஏமாற்று வேலை என்று நினைப்பார். பீட்டில்ஸின் ஜான் லெனன் அப்படித்தானே பாடினார் என்று விக் சொன்னதும் பேசாமல் பாடிவிடுவாராம். கடைசிப் பாட்டான 'சம்திங் இன் த வே'யை இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தும் சரியாக வரவில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட கோபைன் கண்ட்ரோல் ரூம் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சுருதி சேராத ஒரு பழைய கிடாரை மெல்ல வருடியபடி கிசுகிசுப்பாகப் பாடிக் காட்ட, விக் அங்கேயே ஃபோன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மைக்கை வைத்துப் பதிவு செய்துவிட்டார். அந்தச் சுருதி பிசகிய கிடாருக்குப் பொருத்தி பேஸும் டிரம்ஸும் அப்புறம் ஏற்றியதுதான் பெரும்பாடு. ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், வாய் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

அந்தப் பாட்டு முடிந்து ஏறக்குறைய பத்து நிமிடம் வெறும் மௌனம், பிறகு 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' என்ற ரகளை ஒன்று திடீரென்று வரும். முதல் அச்சில் அதைத் தவறுதலாக விட்டுவிட்டார்கள். அதனால் முதல் நாளே ஓடிப்போய் வாங்கியவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

பெப்பர்ஸ் ஆல்பம் முற்றிலும் வேறு ரகம். தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யனில் ஒரு பெரிய பங்களாவில் கொண்டுபோய் வைத்தார், அங்கேயே தங்கி அங்கேயே பதிவு. டிரம்மர் சாட் ஸ்மித் மட்டும் பேய் பயத்தில் தினமும் வீட்டுக்குப் போய் வந்தார்! பாடகர் ஆந்தனி கீடிஸின் நோட்டில் கவிதையாகக் கிடந்த 'அண்டர் த பிரிட்ஜ்' ரூபின் கண்ணில் படவே, இது என்ன என்று கேட்டு, பாட்டாக்க வைத்தார். அது அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது. அந்தப் பாட்டின் முடிவில் கேட்கும் கோரஸில் கிடாரிஸ்ட் ஜான் ஃப்ருஷான்டேவின் அம்மாவும் இருக்கிறார். அந்தப் புகழைத் தாங்க முடியாமல் 1992 மே மாதம் ஜப்பான் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே ஃப்ருஷான்டே விலகிப்போனார்.

1991 டிசம்பர் கடைசியில் பெப்பர்ஸ் தலைமையில் சில ஊர்களில் நடந்த கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் நிர்வாணாவும் இன்னொரு ராக் குழுவான பேர்ல் ஜாமும். ஒரே டிக்கெட்டில் மூன்று குழுக்கள். போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இதே தேதிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1980 செப்டம்பர் 24, லெட் செப்பலின் டிரம்மர் ஜான் போனம் பிரே ஸ்டுடியோவில் ஒத்திகைக்குப் போனார், காலையில் ஆரம்பித்த வோட்கா நாள் முழுக்க நிற்கவேயில்லை, இரவு ஜிம்மி பேஜ் வீட்டில் படுக்க வைத்தார்கள், மறுநாள் பார்த்தால் உயிர் இல்லை. வயது 32. டிசம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள். அந்த போனமைத்தான் ஒரு பையன் தன் அறையில் டிரம்ஸுக்குப் பதில் தலையணைகளை அடித்து அடித்துப் பழகினான், அவன்தான் பிற்பாடு நிர்வாணாவின் டிரம்மரான டேவ் க்ரோல். 'நெவர்மைண்ட்' முதல் பாட்டில் டிரம்ஸ் உள்ளே நுழைகிற இடத்தைக் கேட்டால் யாருடைய சிஷ்யன் என்று புரியும். பிறந்தநாள் வேண்டுமென்றால் ஜெர்ரி மார்ஸ்டன், லிண்டா மெக்கார்ட்னி, ஸ்லிப்நாட்டின் ஷான் க்ரஹான் எல்லாரும் செப்டம்பர் 24-தான், ஆனால் பிறந்தநாளை வைத்து ஒரு தேதியைக் கொண்டாடுவதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

எதை முதலில் கேட்பது என்று கேட்டால், 'நெவர்மைண்ட்'. கடைசி மௌனத்தையும் ரகளையையும் விட்டுவிட்டால் 42 நிமிடம்தான், வரிசை மாறாமல் கேளுங்கள். 'ப்ளட் ஷுகர்' 17 பாட்டு, 74 நிமிடம். சிடியில் இடமிருக்கிறதே என்று எல்லாவற்றையும் திணித்த காலத்து ஆல்பம் அது, நாலைந்து பாட்டைத் தாராளமாக வெட்டியிருக்கலாம், அதனால் அதை ஷஃபிளில் போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.