பூட்டுக்கு எத்தனை ஆள்?

கேள்வி: ஆள் போதவில்லை என்று சிறைக் காவலர்கள் வேலைநிறுத்தம் வரை போகிறார்கள். கைதியை உள்ளே விட்டுப் பூட்டினால் வேலை முடிந்தது. அதற்கு ஏன் இத்தனை பேர்? ஆளைக் குறைத்துவிட்டு, தேவைப்படும்போது ஓவர்டைம் கொடுத்தால் வரிப்பணம் மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகாது. பூட்டியதோடு வேலை முடிவதும் இல்லை. சாப்பாடு, மருந்து, மனு, நீதிமன்றம், உறவினர் சந்திப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கதவைத் திறக்க வேண்டும், கூட்டிப்போக வேண்டும், தலையை எண்ண வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிளாக் வாயிலில் இரவும் பகலும் ஒரு காவலர் நிற்க வேண்டும். மூன்று ஷிப்டு, ஆகவே மூன்று ஆள் என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அந்த இடத்துக்கு ஆண்டுக்கு 8,760 மணி நேரக் காவல் தேவை. ஒரு காவலருக்கு வார ஓய்வு 52 நாள், விடுப்பும் விடுமுறையும் 40, நோய்க்கு 10, பயிற்சிக்கு 8 என்று கழித்தால் மிஞ்சுவது 255 நாள். எட்டு மணி நேர டியூட்டியில் அது 2,040 மணி. வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு 4.3 பேர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு என்றால் 5.4 பேர். இப்படி 40 இடங்கள் உள்ள சிறைக்கு 172 பேர் தேவைப்பட, 120 பேரை வைத்துக்கொண்டு ‘பணியிடங்கள் நிரம்பிவிட்டன’ என்றால், மீதி 52 பேரின் வேலையை யார் பார்ப்பது? விடுப்பு ரத்தாகும், இரட்டை டியூட்டி போடுவார்கள், அல்லது ஏதாவது ஒரு காவல் கோபுரம் ஆளில்லாமல் கிடக்கும். காவலர் சங்கமும் சிறை நிர்வாகமும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் நாலேகாலுக்கும் நடுவில்தான்.

ஓவர்டைம் ஏட்டில் மலிவாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக ஆள் எடுத்தால் சம்பளத்தோடு ஓய்வூதியம், விடுப்பு, பயிற்சி எல்லாம் சேரும். ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கிட்டத்தட்ட அதற்குச் சமமாக வந்து நிற்கும். ஆனால் பதினாறு மணி நேரம் நின்றவர் அடுத்த வாரம் நோய் விடுப்பில் போவார். நோய் விடுப்பு 10 நாளிலிருந்து 20 ஆனாலே அதே 40 இடங்களுக்கு இன்னும் 7 பேர் தேவைப்படுவார்கள். அந்த ஏழு பேரின் வேலையும் ஓவர்டைமில்தான் போகும். இதைவிடப் பெரிய சிக்கல், ஓவர்டைம் பணம் வீட்டு வரவில் சேர்ந்துவிடுவது. பிறகு அதில் கை வைத்தால் தகராறுதான். இங்கிலாந்தில் 1986 ஏப்ரல் இறுதியில் சிறை அலுவலர் சங்கம் ஓவர்டைம் பார்க்க மறுத்தபோது பல சிறைகளில் கலவரம் வெடித்தது, நார்த்ஐ (Northeye) சிறையின் பெரும்பகுதி தீக்கிரையானது. அடுத்த ஆண்டே ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ திட்டத்தில் சம்பளத்தை உயர்த்தி, ஓவர்டைமைப் படிப்படியாக ஒழிக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் சொல்லும் ஆள்குறைப்பையும் அதே நாடு செய்து பார்த்துவிட்டது. 2010-க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில் கைதிகளோடு நேரடியாக வேலை பார்க்கும் அலுவலர்களில் கால்வாசிக்கு மேல் குறைத்தார்கள். அனுபவசாலிகள் முதலில் போனார்கள். தாக்குதல்களும் கைதிகள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும் ஏறின. 2016 நவம்பரில் காவலர்கள் வேலைக்குப் போகாமல் வெளியே நின்றார்கள், நீதிமன்றம் தடை போட்டுத்தான் திரும்ப வைத்தது. அதே மாதம் அரசு 2,500 பேரைக் கூடுதலாக எடுப்பதாக அறிவித்தது. ஒருமுறை அனுப்புவதற்கும் பணம், மறுமுறை எடுத்துப் பழக்குவதற்கும் பணம். நியூயார்க் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் சங்கத்தின் ஒப்புதல்கூட இல்லாமல் தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. கட்டாய இரட்டை டியூட்டி அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. சிறைகளில் தேசியக் காவல் படையை நிறுத்தினார்கள். 2,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். ஆள் பற்றாக்குறைக்காக எழுந்த போராட்டம் பற்றாக்குறையைப் பெரிதாக்கிவிட்டு ஓய்ந்தது. இதில் இரு பக்கமும் தோற்றது என்பதே என் எண்ணம்.

செலவைக் குறைக்கவே முடியாதா? முடியும். ஆனால் ஆளில் அல்ல, டியூட்டியில் தேட வேண்டும்.

வெளி மருத்துவமனையில் ஒரு கைதி படுக்கையில் இருந்தால் கட்டில் பக்கத்தில் எப்போதும் இரண்டு காவலர் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது 8.6 பேர். ஒரே சமயத்தில் மூன்று கைதிகள் படுத்தால் 26 பேர் போய்விட்டார்கள், பட்டியலில் அவர்களுக்கென்று இடமே இருக்காது. சிறைக்குள்ளேயே டயாலிசிஸ், வாரம் ஒருநாள் சிறப்பு மருத்துவர், ரத்தப் பரிசோதனை என்று ஏற்பாடு செய்தால் அதற்காகும் செலவு வழிக்காவலிலேயே திரும்ப வந்துவிடும். காவல் நீட்டிப்பு, வாய்தா போன்றவற்றுக்குக் காணொலி போதும். சாட்சி விசாரணைக்கு மட்டும் நேரில் அனுப்பினால் வேனும் ஆளும் மிஞ்சும்.

கைதிகளைத் தலை எண்ணும் நேரத்தைக் கவனியுங்கள். ஷிப்டு மாறும் வேளையில் 412 வர வேண்டிய இடத்தில் 411 வருகிறது. சமையல்கூடத்துக்குப் போன ஒருவரின் சீட்டு பிளாக் பதிவேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். கணக்கு நேராகும்வரை யாரும் வாயிலைத் தாண்ட முடியாது. 60 காவலர் 40 நிமிடம் நின்றால் 40 மணி நேரம் காலி. வெளியே போகும் ஒவ்வொருவரையும் அந்த நிமிடமே பதிந்தால் இந்தச் செலவே இல்லை.

கேமரா வைத்தால் ஆள் வேண்டாம் என்பார்கள். கேமரா கதவைத் திறக்காது, சண்டையை விலக்காது. திரையைப் பார்க்க இரவு பகலாக ஒருவர் உட்கார வேண்டும், அங்கே இன்னொரு 4.3.

இன்னொன்று, நூறு பேர் பிளாக்கில் பத்துப் பேரை விடுவித்தால் மிச்சமாவது அவர்களின் சாப்பாடும் மருந்தும் மட்டுமே, வாயில் காவலர் அப்படியே நிற்பார். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர்களை அனுப்பி, மீதிப் பேரை மற்ற பிளாக்குகளில் நெரிசல் இல்லாமல் சேர்த்து, ஒரு பிளாக்கை முழுதாக மூடினால்தான் சம்பளச் செலவு இறங்கும்.

பேச்சுவார்த்தையில் சங்கமும் நிர்வாகமும் முதலில் டியூட்டி இடங்களின் பட்டியலை மேசையில் வைக்கட்டும். காலை கதவு திறக்கும்போது, நண்பகலில், நள்ளிரவுக்குப் பின் என்று மூன்று வேளை இருவரும் சேர்ந்து நடந்துபோய், எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும் என்று குறிக்கட்டும். ஆள் குறைந்த நாளில் தொழிற்கூடம், நூலகம், உறவினர் சந்திப்பு ஆகியவற்றில் எதை எந்த வரிசையில் நிறுத்துவது, எதை எந்நாளும் நிறுத்தக் கூடாது என்பதையும் அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். உறவினர் சந்திப்பை நிறுத்தக் கூடாதவற்றில் சேர்க்க வேண்டும் என்பேன். அது நின்ற வாரத்தின் கோபம் முழுவதும் பிளாக்கில் தனியாக நிற்கும் காவலர் மீதுதான் இறங்கும்.