மூட்டுவாத மருந்தை மனச்சோர்வுக்கு ஏன் சோதிக்கிறார்கள்?

கிருமியையோ காயத்தையோ எதிர்க்க நம் உடல் மூட்டும் நெருப்புதான் அழற்சி. காய்ச்சலில் சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோமே, அந்த நெருப்பின் சேதி மூளைக்குப் போவதால் வருவது அது. சிலருக்குக் காய்ச்சல் இல்லாமலே அந்த நெருப்பு உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமோ என்ற சந்தேகத்தில்தான் இந்தச் சோதனை.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில், வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத மனச்சோர்வுள்ள 60 பேரில் ஒரு பாதிக்கு அழற்சியைத் தணிக்கும் மூட்டுவாத மருந்தான இன்ஃப்ளிக்சிமாப், மறுபாதிக்கு வெற்று மருந்து ஏற்றினார்கள். 2013இல் வெளியான முடிவில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கண் எரிவது அடுப்புப் புகையால் என்றால் அடுப்பை அணைக்கலாம். கண்வலியால் என்றால் அணைத்து என்ன பயன்?

மனச்சோர்வு எல்லாமே அழற்சியால் வருவதில்லை. பலருக்கு சிஆர்பி இயல்பாகவே இருக்கும்.