‘அ’வில்தான் தொடங்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஏழு வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். ஆங்கிலக் கையெழுத்துக்கு ‘ஹேண்ட்ரைட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்ற பயிற்சி முறையின் புத்தகங்களை வாங்கு என்கிறார் ஒரு தோழி. ‘டிநீலியன்’ என்ற வேறொரு முறைதான் நல்லது என்கிறார் இன்னொருவர். தமிழுக்கு என்ன செய்வது? மகன் இடது கைக்காரன். கையை மாற்றச் சொல்கிறார் மாமியார்.

பதில்: முதலில் பையனின் கை. தயவுசெய்து மாற்றாதீர்கள். விஜயதசமி அன்று தட்டு அரிசியில் பாட்டி அவன் வலக்கையைப் பிடித்து எழுத வைக்கட்டும், அவர் மனம் நிறையும். மற்ற நாளெல்லாம் இடக்கைதான். நோட்டின் மேல்முனை வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். மாதிரி எழுத்து இடது ஓரத்தில் மட்டும் இருக்கும் புத்தகம் அவனுக்கு ஆகாது. எழுதும் கையே அதை மறைத்துவிடும்.

இனி ஆங்கிலம். டிநீலியனில் சின்ன எழுத்துகளுக்குக் கடைசியில் ஒரு வால் இருக்கும். பின்னால் கர்சிவ்வுக்கு, அதாவது சேர்த்து எழுதும் எழுத்துக்குப் போக அது உதவும். மகளுக்கு அது பொருந்தலாம். மகனுக்கு ‘ஹேண்ட்ரைட்டிங் வித்தவுட் டியர்ஸ்’தான் என் தேர்வு. அதில் பெரிய எழுத்துகள்தான் முதலில், அதுவும் ‘ஏ’யில் தொடங்காது. நெட்டுக்கோடு போட்டு, மறுபடி மேலே தாவித் தொடரும் F, E, D, P போன்றவை ஒரே கூட்டமாக வரும். கைக்கு எது சுலபமோ அது முன்னால்.

இதே கண்ணோடு தமிழைப் பாருங்கள். ‘அ’வில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நெட்டுக்கோடு எல்லாம் இருக்கின்றன. ஐந்து வயது விரலுக்கு முதல் நாளே இத்தனையுமா? பாவம் பிள்ளை. சொல்வது அ, ஆ வரிசையிலேயே இருக்கட்டும். எழுதுவதை ‘ட’வில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு, முடிந்தது. இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் ‘ப’. அங்கிருந்து ‘ம’, ‘ய’. அப்புறம் க, ச, த. சுழி பழகிய பிறகு ல, வ, ன. மூன்று சுழி ‘ண’ அதற்கும் பின்னால். உயிரெழுத்துகளை இந்தக் கை வந்தபின் எழுதினால் போதும். 247 எழுத்துக்கும் தனித்தனிப் பயிற்சி வேண்டியதில்லை. காலும் கொம்பும் விலங்கும் பிடிபட்டால் உயிர்மெய்யில் பெரும்பகுதி தானாக வரும்.

‘ஹேண்ட்ரைட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ முறையில் எனக்கு மிகவும் பிடித்தது சிலேட்டு வேலை. நீங்கள் சாக்பீஸால் எழுதுங்கள். அவன் ஈரப் பஞ்சால் அதன்மேல் தடவி அழிப்பான், உலர்ந்த துணியால் துடைப்பான், பிறகு தானே எழுதுவான். ஒரே எழுத்து மூன்று முறை கை வழியே போய்விடும், அலுப்பும் தட்டாது. நம் வீட்டுச் சிலேட்டே போதும், பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். பென்சிலும் அரை விரல் நீளத் துண்டாக இருக்கட்டும். விரல்களை மடக்கி முஷ்டியால் பிடிக்க அதில் இடமில்லை.

மாமியார் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவரென்றால் லை, னை எழுத்துகளுக்கு இன்றைய கொம்புக்குப் பதிலாக யானைத் தும்பிக்கை போன்ற பழைய வளைவைப் போடுவார். மகளுக்கு அதைக் காட்டச் சொல்லுங்கள், ரசிப்பாள். தம்பிக்கு இப்போது வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போனால் ஈர மணலில் விரலால் ‘ட’ எழுதச் சொல்லுங்கள். வடிவம் கோணலாக இருந்தால் விட்டுவிடுங்கள். விரல் மேலிருந்து கீழே இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.