மவுண்ட் தண்டச் செலவா?

கேள்வி: பாட்டி வீட்டுப் பரணில் ரவிவர்மா பிரஸ் லட்சுமி படம் ஒன்று கிடைத்தது, 14-க்கு 20 அங்குலம். பிரேம் செல்லரித்துவிட்டது. தென்காசியில் பிரேம் போடும் கடையில் "படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை தண்டச் செலவு, கண்ணாடியைப் படத்து மேலேயே வைத்துவிடலாம்" என்கிறார்கள். தம்பி, ஒரு இஞ்ச் தங்க நிற மவுண்ட் போதும் என்கிறான். கண்ணாடியா, அக்ரிலிக் பிளாஸ்டிக்கா?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: தயவுசெய்து கண்ணாடி படத்தைத் தொட விடாதீர்கள். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தின் படங்கள் கல்லச்சில் நிறம் நிறமாக ஏற்றி, பலவற்றுக்கு மேலே வார்னிஷும் பூசியவை. உங்கள் ஊரில் சாரல் காலம் வந்தால் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் கோக்கும், வார்னிஷ் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரித்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மவுண்ட் அட்டை அலங்காரத்துக்கு மட்டுமல்ல, நடுவில் காற்றுக்கு இடம் விடுவதே அதன் முதல் வேலை. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், பழைய தாள்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள்.

அகலத்துக்கு வருவோம். ஒரு இஞ்ச் போதாது. மரச்சட்டமும் மவுண்டும் ஒரே அகலமாக இருந்தால் கண் கோடுகளைத்தான் பார்க்கும், படத்தை அல்ல. சட்டம் முக்கால் இஞ்ச் என்றால் மேலேயும் பக்கங்களிலும் இரண்டரை, கீழே மட்டும் மூன்று வையுங்கள். சமமாக வைத்தால் படம் கீழே சரிந்த மாதிரி தெரியும், அதற்காகத்தான் அந்த அரை இஞ்ச். பிரேமின் உள்ளளவு ஏறக்குறைய 19-க்கு 25½ வரும். தங்க நிறம் வேண்டாம், அந்தப் படத்திலேயே நகை போதுமான அளவு இருக்கிறது. தாளின் பழுப்பை ஒட்டிய வெளிர் நிறம் எடுங்கள். கீழே அச்சகத்தின் பெயர் இருந்தால் மவுண்ட் அதை மறைக்கக் கூடாது, ஓரத்தை வெட்டவே கூடாது!

அட்டை ஆசிட்-ஃப்ரீயாக, அதாவது அமிலம் இல்லாததாக இருக்கட்டும். மலிவு அட்டை சில வருடங்களில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும், அது போகாது. ஃபெவிகால், செலோடேப் இரண்டும் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய தாள் பட்டையை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் தாள் விரிய இடம் வேண்டும்.

இந்த அளவுக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும். அக்ரிலிக் பாதி எடைகூட இருக்காது, உடைந்து சிதறாது, ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். பளபளப்பில்லாத மேட் கண்ணாடியை மவுண்டுக்கு மேலே வைத்தால் படத்தை மங்கலாக்கும், வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி கண்ணாடி நல்லதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்கச் செய்யும், அதை எந்தக் கண்ணாடியும் தடுக்காது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நல்ல அட்டைக்கே போடுங்கள்.

வெயில் விழாத உள்சுவராகப் பாருங்கள், சாரல் அடிக்கிற மேற்குச் சுவர் ஆகாது. பின்பக்கம் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் இடையே காற்று போகும்.